கீழே ஆறு, மேலே வெயில்

விழாவுக்கு முன்னால் ஊரைப் பார்த்துவரப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது. மெதுவாக நடக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் உட்காரத் தேடும் இடத்தில் தானும் தேடினால்தான் ஊர் புலப்படும்.

அடுத்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் சான் அன்டோனியோவில் எங்கள் தமிழ் விழா. பல மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கோடை விடுமுறை என்பதால் ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் அம்மா அப்பாக்களும் வருவார்கள். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எதை நடந்தே போய்விடலாம் என்று பார்த்து எழுதித்தரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் டெக்சாஸ் நகரம் எதுவும் நல்ல நகரமாகத்தான் தெரியும். விழா எந்த மாதமோ அந்த மாதத்தில், எந்த நேரத்தில் மக்கள் தெருவில் இருப்பார்களோ அந்த நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். அதனால் இந்த ஜூலையிலேயே கிளம்பினோம். நானும் பெரியம்மாவும்.

பெரியம்மா ஸ்ரீவைகுண்டத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலிலும் வலி, சர்க்கரையும் உண்டு. ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஐ-10 சாலையில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எதுக்குய்யா என்னையக் கூட்டிட்டுப் போற?”

“நீங்க நடந்து பாக்கணும், பெரியம்மா. உங்களுக்குச் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, “அப்ப நான் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிருவேன்” என்றார். அதைத்தான் நான் வேண்டினேன். பெரியவர்கள் நம்மோடு வெளியே வந்தால் வலியைச் சொல்வதில்லை. பிள்ளைகளின் நாளைக் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள்.

*

மார்க்கெட் தெருவும் சவுத் அலமோ தெருவும் சந்திக்கும் முனை. ஒரு பக்கம் ஹென்றி பி. கொன்சாலெஸ் மாநாட்டு மையம். 1968இல் இங்கே நடந்த ஹெமிஸ்ஃபேர் உலகக் கண்காட்சிக்காகக் கட்டத் தொடங்கிய வளாகம் அது. பிறகு பலமுறை விரிந்திருக்கிறது. எதிர்ப்புறம் ஹில்டன் பலாசியோ டெல் ரியோ. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான்.

அந்த ஒரு தெருவைக் கடப்பதில்தான் என் முதல் குறிப்பு தொடங்குகிறது. அமெரிக்காவில் பாதசாரி சிக்னலின் நேரத்தைக் கணக்கிட, மனிதர் வினாடிக்கு 3.5 அடி நடப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு 4 அடி என்று வைத்திருந்தார்கள், 2009இல் குறைத்தார்கள். 50 அடி அகலச் சாலை என்றால் எண்கள் இறங்கத் தொடங்கியதிலிருந்து 14 வினாடி கிடைக்கும். பெரியம்மாவின் நடையை நடைபாதையில் நிதானமாகக் கவனித்தேன். வினாடிக்கு இரண்டரை அடி இருக்கலாம். அவருக்கு அதே சாலைக்கு 20 வினாடி வேண்டும். வெள்ளை மனித உருவம் ஒளிர்ந்தவுடனே காலெடுத்து வைத்தால் நிம்மதியாகக் கடந்துவிடுவார். எண்கள் ஓடத் தொடங்கிய பிறகு, “வாங்க வாங்க, இன்னும் நேரம் இருக்கு” என்று இழுத்தால் நடுச்சாலையில் அகப்பட்டுக்கொள்வார்.

இதை விருந்தினர் கையேட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு எழுத வேண்டும், பெரியவர்களுக்கு அல்ல. கையைப் பிடித்து இழுப்பது அவர்கள்தானே.

*

மாநாட்டு மையத்தை ஒட்டியே, விழா நடக்கவிருக்கும் லைலா காக்ரெல் அரங்கம். 1975இல் இந்த நகரத்தின் முதல் பெண் மேயராக வந்தவரின் பெயர். சுமார் 2,300 பேர் உட்காரலாம். அதன் முகப்புச் சுவரில் மெக்சிகோ ஓவியர் ஹுவான் ஓ’கோர்மன் 1968இல் செய்த பெரிய மொசைக். மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தின் நான்கு சுவர்களையும் கல்லால் மூடியவர் அவர். இங்கேயும் துண்டு துண்டாகக் கல்தான். ஐரோப்பாவும் இந்தக் கண்டத்துப் பழங்குடி நாகரிகங்களும் ஒன்றையொன்று வந்து சந்திப்பதைச் சொல்லும் சுவர்.

பெரியம்மா நின்றுவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு நிழலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சுவரை இடமிருந்து வலமாக மெல்லப் பார்த்துக்கொண்டே போனார். “சாயம் அடிக்கலையோ, கல்லோட நிறமேவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோயில் பார்த்துப் பழகிய கண் அது. கல்லைக் கல் என்று உடனே கண்டுகொண்டது.

விழா நாளில் கூட்டம் வாசலைத் தாண்டி வெளியே நீண்டால் இந்தச் சுவருக்கு முன்னால்தான் நிற்பார்கள். ஜூலையில் இந்த ஊரின் பகல் உச்சம் சராசரியாக 35 டிகிரி. அதைத் தாண்டும் நாட்கள் நிறைய. வரிசையை உள்ளே மடக்கிவிட முடியுமா என்று அரங்கத்தாரிடம் கேட்க வேண்டும். முடியாவிட்டால் பெரியவர்களுக்குத் தனி வாசல்.

*

இந்த ஊரில் இரண்டு ஊர் இருக்கிறது. மேலே தெருக்கள், பேருந்துகள், கொதிக்கும் சிமெண்ட். ஒரு மாடி கீழே இறங்கினால் ஆறு, அதன் இரு கரையிலும் நடைபாதை, தலைக்கு மேலே சைப்ரஸ் மரங்கள். இறங்கும்போதே வெயில் விலகுவது முதுகில் தெரிகிறது.

பெரியம்மா ஆற்றைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். தாமிரபரணிப் படித்துறையில் வளர்ந்தவருக்கு ஆற்றில் இறங்கும் கல்படி என்றால் அது வீட்டுப் பின்வாசல் மாதிரி. “யாரும் குளிக்க மாட்டாங்களாய்யா?” மாட்டார்கள் என்றேன். “அப்ப எதுக்கு இம்புட்டுப் படி?”

அந்தப் படிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 1921 செப்டம்பரில் ஒரு புயல் மழையில் இந்த ஊர் மூழ்கியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். டவுன்டவுன் கடைகளில் வெள்ளம் புகுந்ததைத்தான் படங்களில் அதிகம் காட்டுகிறார்கள்; ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்குப் புறத்தில் ஆலசான் ஓடையை ஒட்டிச் சிறு குடில்களில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அதன் பிறகு பணம் செலவழித்து ஓல்மோஸ் அணை கட்டினார்கள், 1926இல். அது காத்தது டவுன்டவுனை. மேற்குப் புறத்து ஓடைகள் பல்லாண்டுகள் அப்படியே கிடந்தன. ஆற்றோரத்தில் நடக்கும்போது இதை நினைக்காமல் என்னால் நடக்க முடியவில்லை.

டவுன்டவுனுக்குள் ஆறு ஒரு குதிரை லாடமாக வளைகிறது. அந்த வளைவை மூடிச் சாக்கடையாக்கி மேலே சாலை போட்டுவிடலாம் என்று அப்போது பேச்சு இருந்தது. 1924இல் தொடங்கிய பாதுகாப்புச் சங்கத்துப் பெண்கள் ஊரின் பழமைக்காகவும் ஆற்றுக்காகவும் விடாமல் பேசினார்கள். 1929இல் ராபர்ட் ஹக்மன் என்ற இளம் கட்டடக்கலைஞர், ஆற்றை மூட வேண்டாம், அதன் கரையில் மக்கள் நடக்கட்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அரசு வேலைத் திட்டத்தில் 1939 முதல் 1941 வரை வேலை நடந்தது. தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுகளில் ஒன்று போல் மற்றொன்று இருக்காது. அவர் அப்படித்தான் வரைந்தார். வேலை முடியும் முன்பே, 1940இல், அவரை நீக்கிவிட்டார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஆற்று மட்டத்திலேயே தன் அலுவலகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். மற்ற கட்டடங்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது.

நான் இந்த மனிதரை மிகவும் நேசிக்கிறேன். ஆனால் அவருடைய படிக்கட்டுகளில் பெரியம்மாவால் இறங்க முடியாது. சில இடங்களில் படியின் உயரம் சீராக இல்லை. சில திருப்பங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே அன்று முற்பகலில் எங்கள் வேலை லிப்ட் தேடுவது. ஆற்றோரத்துப் பெரிய ஓட்டல்களில் லாபி தெரு மட்டத்திலும் இன்னொரு வாசல் ஆற்று மட்டத்திலும் இருக்கும். அவர்களுடைய லிப்டில் இறங்கினால் நேரே நடைபாதைக்கு வந்துவிடலாம். எந்த லாபி, எந்தப் பொத்தான், வெளியே வந்ததும் இடமா வலமா என்று எழுதிக்கொண்டேன். படம் வரைந்தும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டவுன்டவுன் நடைபாதையின் ஆற்று விளிம்பில் பெரும்பாலும் கம்பி கிடையாது. ஆழம் மூன்று, நான்கு அடிதான்; ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஆழம். இரவில் சாப்பாட்டு மேசைகளும் கூட்டமுமாகப் பாதை குறுகிவிடும். கைக்குழந்தைக்காரர்கள், ஸ்ட்ரோலர் தள்ளுபவர்கள் காலையில் எட்டு மணிக்கு முன் வந்து நடக்கட்டும். அந்த நேரத்தில் ஆற்றில் படகு இல்லை, பாதையில் கூட்டம் இல்லை, வாத்துகள் இருக்கின்றன.

*

ஓட்டல்கள். இதில் நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

கிராண்ட் ஹையட் மாநாட்டு மையத்தோடு ஒட்டியே நிற்கிறது. சுமார் ஆயிரம் அறை. மேரியட் ரிவர்சென்டரும் அதே அளவு. இரண்டிலும் நடை மிகக் குறைவு. ஆனால் ஆயிரம் அறை ஓட்டலில் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினால் லிப்டுக்கு முன்னால் நிற்கும் நேரத்தையும் நடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்த்தள அறைகளை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

ஹில்டனுக்கு ஒரு வரலாறு. 1968 கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டதால், அறைகளைத் தனித்தனிக் கான்கிரீட் பெட்டிகளாக வேறிடத்தில் வார்த்து, உள்ளே கட்டில் முதலானவற்றை வைத்தே கிரேனால் தூக்கி அடுக்கினார்கள். மொத்தக் கட்டடமும் 202 வேலைநாளில் முடிந்ததாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக அது இன்றும் தெரிகிறது.

மெங்கர் 1859இல் திறந்தது. அலமோ என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்து வீடு. பழைய மரம், பழைய மாடம், அழகு. அங்கிருந்து அரங்கம் அரை மைலுக்குள்தான். இளைஞர்களுக்கு அது ஒன்றுமில்லை. பகல் இரண்டு மணிக்குப் பெரியம்மாவுக்கு அது முடியாது. நடுவழியில் நிழலில் உட்கார ஓர் இடம் கண்டுபிடித்த பிறகும் முடியாது என்றுதான் சொன்னார். சொல்லிவிடுவேன் என்று சொன்னபடி சொன்னார்.

நான் அறைகளுக்குள் போய்ப் பார்த்தது மூன்றே விஷயம். குளியலறையில் தொட்டி விளிம்பைத் தாண்டி ஏற வேண்டுமா, அல்லது நேரே நடந்துபோய் நிற்கும் ஷவரா. பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா. இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் உண்டா. மொத்தமாக அறைகளுக்கு (ரூம் பிளாக்) பேசும்போது விலையோடு சேர்த்து இந்த மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். அடுத்தபடியாக வெந்நீர்க் கெட்டில். காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொள்ளும் மனிதர்கள் நம்மவர்கள். ஏழு மணிவரை காபிக்குக் காத்திருக்க வைக்கக் கூடாது.

*

சாப்பாட்டை நான் கவலையோடுதான் அணுகினேன். 2017இல் யுனெஸ்கோ உணவுக்கான படைப்பு நகரமாக அறிவித்த ஊர் இது. மெக்சிகோ உணவும் டெக்சாஸ் உணவும் கலந்த ருசி இங்கேதான் வேர்விட்டது. சீரகம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் உண்டு. ஆனால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் தடை இருக்கிறது. மசித்த பீன்ஸை மரபாகப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். கோதுமை டார்ட்டியாவிலும் அது சேரலாம். சிவப்புச் சோறு பார்க்கத் தக்காளி சாதம்தான். பல சமையலறைகளில் கோழி வேகவைத்த நீரில் சமைப்பது.

ஆற்றோரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய கடை. பரிமாற வந்த அம்மாவுக்குப் பெரியம்மாவின் வயது இருக்கும். நான் பீன்ஸில் “மான்டேகா”, அதாவது அந்தப் பன்றிக் கொழுப்பு, உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மாவைப் பார்த்து, உண்டு என்று தலையசைத்தார். பிறகு அவரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சோள டார்ட்டியா சாப்பிடலாம். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளம், வேறொன்றும் இல்லை. உருளைக்கிழங்கு சாப்பிடலாம், எண்ணெயில் வதக்கியது. கள்ளித்தண்டைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கியது சாப்பிடலாம். வெண்ணெய்ப்பழ மசியல் சாப்பிடலாம். சோறு வேண்டாம்.

பெரியம்மா சோள டார்ட்டியாவைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். “கம்பு தோசை வாசம் இல்லை. ஆனா நல்லாருக்கு.” கள்ளித்தண்டை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். குடிக்கப் புளித்தண்ணீர் வந்தது. தமரிண்டோ என்று பெரிய கண்ணாடிக் குவளையில் ஐஸ் போட்டு. இவ்வளவு தூரத்தில் புளி கரைத்துக் குடிக்கிறார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சர்க்கரையைக் குறைத்துத் தரச் சொன்னேன், குறைத்துத் தந்தார்கள்.

இந்த ஊர்ச் சாப்பாட்டின் பழைய பெயர் பெண்களுடைய பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாலையானதும் சதுக்கங்களில் விளக்கேற்றி, நீள மேசை போட்டு, விறகடுப்பில் மிளகாய்க் கறி ஆக்கி விற்றார்கள் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். சில்லி ராணிகள் என்று ஊர் அழைத்தது. படைவீரர்களும் வண்டிக்காரர்களும் பயணிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நகர மன்றக் கட்டடம் எழுந்தபோது ஒரு சதுக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்களை நகர்த்தினார்கள். பிறகு 1930களிலும் 40களிலும் சுகாதார விதிகள் என்று சொல்லி அந்த மேசைகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் புகழ் தந்த கறி மிஞ்சியது. அதை ஆக்கியவர்களில் எத்தனை பேருக்கு வேறு பிழைப்பு கிடைத்தது? பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “கூட்டுறதுக்கும் கழுவுறதுக்கும் அவங்களுக்கு ஒரு குழாயப் போட்டுக் குடுத்திருக்கலாமே” என்றார். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை.

இந்திய உணவகங்கள் அதிகம் இருப்பது வடமேற்கே மெடிக்கல் சென்டர் பக்கம். கார் இல்லாமல் ஆகாது. விழா நாட்களின் இரண்டு வேளைச் சாப்பாட்டை நாம்தான் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

*

பிற்பகலில் மேற்கே நடந்து பார்த்தோம். கொஞ்சம் நடை, கொஞ்சம் பேருந்து. சான் ஃபெர்னாண்டோ தேவாலயத்துக்கு முன்னால் உள்ள மெயின் பிளாசாவில் மரநிழலும் நாற்காலிகளும் நீரூற்றும் உண்டு. இந்த டவுன்டவுனில் ஒரு பைசா செலவழிக்காமல் ஒரு மூதாட்டி அரைமணி நேரம் உட்காரக்கூடிய இடங்களில் இதுவே நல்லது என்று எனக்குப் பட்டது. யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நடக்கத் தகுந்த ஊர் எது என்று என்னைக் கேட்டால், முதலில் பெஞ்சுகளை எண்ணச் சொல்வேன். ஆற்றோரம் முழுக்க மேசை நாற்காலிகள்தான். ஆனால் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கடைக்குச் சொந்தம்.

அங்கிருந்து மார்க்கெட் ஸ்கொயர். வண்ணக் காகிதத் தோரணம், மண்பாண்டம், தோல் பொருள். 1941இல் மூன்று மேசையோடு தொடங்கிய மி தியேரா உணவகம் இன்று பெரிய கூடமாக இருக்கிறது. மாநாட்டு மையத்திலிருந்து சுமார் ஒரு மைல். மாலையில் குடும்பமாகப் போகட்டும், வண்டியில் போகட்டும். பெரியம்மா ஒரு தள்ளுவண்டியில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்ட மாங்காய்த் துண்டு வாங்கிக்கொண்டார். நடந்துகொண்டே சாப்பிட அவருக்குப் பழக்கமில்லை. உட்கார இடம் கிடைக்கும் வரை கிண்ணத்தை மூடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது அவர் சொன்னார்: “அடுத்த வருசம் நான் இருப்பனோ இல்லையோ, எனக்காவ எதையும் எழுதிறாத.”

“உங்களுக்காக மட்டும் இல்ல பெரியம்மா. உங்கள மாதிரி இருநூறு பேரு வருவாங்க.”

“அப்ப எழுது.”

*

இரவில் அறையில் உட்கார்ந்து குழுவுக்கு எழுதியதிலிருந்து:

பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஐந்துக்கும் இடையே பெரியவர்கள் யாரும் தெருவைக் கடக்கத் தேவையில்லாதபடி நிகழ்ச்சி நிரலை மாற்றுங்கள். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மெங்கர் பக்கத்து அறைகளும், பெற்றோரோடு வருகிறவர்களுக்கு மாநாட்டு மையத்தை ஒட்டிய அறைகளும் ஒதுக்குவோம். விலை வேறுபாட்டை விழா நிதியிலிருந்து கொஞ்சம் ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். சக்கர நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துச் சவுத் அலமோ வாசலில் நிறுத்த வேண்டும். கேட்டால்தான் தருவோம் என்று வைக்கக் கூடாது, கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆற்றுக்கு இறங்கும் லிப்டுகளின் படம் இணைத்திருக்கிறேன். எண்ணிக்கை தேவை: சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், மரக்கறி மட்டும் எத்தனை பேர் என்று பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள்.

மதியச் சாப்பாட்டை அரங்க வளாகத்துக்குள்ளேயே பரிமாற வேண்டும். இங்குள்ள மாநாட்டு மையங்கள் பலவற்றில் வெளியிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. அதைத் திங்கட்கிழமை நான் பேசுகிறேன். சாதம் சூடாக இருக்க வேண்டும், ரசம் இருக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட மேசை இருக்க வேண்டும். பஃபே வரிசையில் தட்டை ஏந்தி நிற்க முடியாதவர்களுக்கு இளைஞர் அணி மேசைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறட்டும். அதற்கு நாற்பது பிள்ளைகளாவது தேவைப்படும், இப்போதே பெயர் கேட்கத் தொடங்கலாம்.